கோலாலம்பூரில் நல்ல பர்கர் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலை விஷயமாக ஆறு மாதம் கோலாலம்பூரில் இருக்கப்போகிறாராம், செந்தூல் பக்கம் அறை பார்த்தாயிற்றாம். மெக்டொனால்ட்ஸ் மாதிரி கம்பெனிக் கடைகள் வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் பர்கர் கடைகளில் எவை சிறந்தவை, எப்படிக் கண்டுபிடிப்பது என்பது கேள்வி. அவருக்கு மாட்டிறைச்சி பழக்கம் உண்டு, கூடத் தங்கும் நண்பருக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறார்.

பத்துக் கடைப் பெயரை எழுதிக் கொடுப்பது சுலபம் தம்பி, ஆனால் அது உங்களுக்குப் பயன்படாது. இங்கே பர்கர் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடை இல்லை, வண்டி. சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு வந்து சேரும். கடை வரிசையின் ஓரத்தில், பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில், அடுக்குமாடி வாசலில் நிற்கும். ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு தட்டைக்கல், ஒரு குடை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். நடு இரவு தாண்டி ஒன்று, ஒன்றரைக்கு மூட்டை கட்டிப் போய்விடும். மறுநாள் பகலில் அந்த இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். குடையிலும் வண்டியிலும் பெரும்பாலும் ‘ராம்லி’ என்று எழுதியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு, “இந்த ராம்லி ஊர் முழுக்க எத்தனை கிளை வைத்திருக்கிறார்!” என்று வியந்த சென்னை நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ராம்லி கடைக்காரர் இல்லை. அந்த வண்டிகளுக்கு இறைச்சி செய்து அனுப்புகிறவர்.

ராம்லி மொக்னி இறைச்சி வெட்டும் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் இங்கே பர்கர் வெளிநாட்டுச் சமாசாரம். அமெரிக்கக் கம்பெனிகளான ஏ அண்ட் டபிள்யூ 1963-இலும் கே.எஃப்.சி. 1973-இலும் வந்துவிட்டன, மெக்டொனால்ட்ஸ் 1982-இல்தான் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடை திறந்தது. சந்தையில் விற்ற பர்கர் இறைச்சி ஹலால்தானா என்ற சந்தேகம் மலாய்க்காரர்களுக்கு இருந்துகொண்டே இருந்தது. 1979-இல் ராம்லியும் அவர் மனைவியும் தாங்களே கையால் தட்டி, வண்டி போட்டு விற்க ஆரம்பித்தார்கள். பிறகு வண்டியில் நின்று விற்பதைவிட, வண்டி போடுகிறவர்களுக்கு எல்லாவற்றையும் செய்து கொடுப்பதுதான் வழி என்று போனது தொழில். இறைச்சி, ரொட்டி, சாஸ், சுற்றும் தாள் வரைக்கும் ஒரே இடத்தில் கிடைத்ததால் கையில் கொஞ்சம் பணம் இருந்த எவரும் ஒரு கல்லை வாங்கித் தெருவில் நின்றுவிட முடிந்தது. இன்றைக்கு ‘ராம்லி பர்கர்’ என்பது ஒரு கம்பெனியின் பெயர் மட்டும் இல்லை, ஒரு சாப்பாட்டின் பெயர்.

(இடையில் ஒரு சங்கடம். நடுவில் வைக்கும் அந்த இறைச்சியை ஆங்கிலச் சொல்லை வைத்துப் பாட்டி என்று எழுதினால் கிழவி, பேட்டி என்று எழுதினால் நேர்காணல். அதனால் இறைச்சி வட்டு என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.)

உங்கள் கேள்விக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஊரில் உள்ள நூற்றுக்கணக்கான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் வட்டு ஒன்றேதான். ரொட்டியும் கிட்டத்தட்ட ஒன்றேதான். மிளகாய் சாஸ், மயோனைஸ் பாட்டில்களும் அதே. அப்படியும் ஒரு வண்டியில் இருபது பேர் நிற்கிறார்கள், முந்நூறு அடி தள்ளி இன்னொரு வண்டிக்காரர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெட்டி ஒன்று, கை வேறு. ஆகவே நீங்கள் தேடப்போவது கடையை இல்லை, ஒரு கையை. அதை இணையத்தில் நட்சத்திரம் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. நின்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்ன பார்ப்பது என்று தெரிந்தால் ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கும் பாங் செய்வதை அப்படியே சொல்கிறேன். (‘அபாங்’ என்றால் மலாயில் அண்ணன். சுருக்கி ‘பாங்’ என்று கூப்பிடுவோம். பெண்ணாக இருந்தால் ‘காக்’, அக்கா.) ‘ஸ்பெஷல்’ என்று சொன்னதும் கல்லில் ஒரு கரண்டி மார்ஜரின் விழும். ரொட்டியைப் பிளந்து, வெட்டிய பக்கத்தை அந்த மார்ஜரினில் தேய்த்துக் கல்லின் சூடு குறைந்த ஓரத்தில் கவிழ்த்து வைப்பார். வட்டைத் தாளிலிருந்து உரித்துப் போடும்போது உறைந்த தட்டு ‘டக்’ என்று விழும். ஓரத்தில் நிறம் மாறியதும் திருப்புவார். அப்புறம்தான் வித்தை. சட்டுவத்தின் முனையைக் கிடையாக நுழைத்து வட்டைப் பக்கவாட்டில் பிளந்து, புத்தகத்தைத் திறப்பதுபோல விரித்து, உள்பக்கத்தையும் கல்லில் படவைப்பார். மேலே வொஸ்டர் சாஸ் இரண்டு சொட்டு, மேகி சீசனிங் ஒரு சுற்று, மிளகுத்தூள் ஒரு தட்டு. மேகி என்றதும் நூடுல்ஸ் நினைவு வரும். இது அது இல்லை, சோயா சாஸ் மாதிரி ஒரு கறுப்பு உப்புத் திரவம். தெருமுனையில் நீங்கள் முகரும் அந்த ராம்லி வாசனையில் பாதி, இது சூடான கல்லில் பட்டுக் கருகும் வாசனைதான்.

பக்கத்திலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, சட்டுவத்தின் மூலையால் மஞ்சளைக் கிழித்து, ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிய தாளாகப் பரப்புவார். அது இறுகுவதற்கு முன்னால் வட்டைத் தூக்கி நடுவில் வைத்து, கேட்டிருந்தால் மேலே ஒரு பாலாடைக்கட்டித் துண்டு போட்டு, நான்கு பக்கமும் மடித்துவிடுவார். கடித உறைக்குள் கடிதம் வைத்த மாதிரி. நம் ஊரில் முட்டை லாப்பா மடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, இங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ‘மாமாக்’ கடைகளில் முர்தபா மடிப்பதும் அதேதான். அந்தக் கைவாகு எனக்கு எப்போதும் அதைத்தான் நினைவூட்டும். பிறகு ரொட்டியில் மயோனைஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், முட்டை மூட்டை, மிளகாய் சாஸ், மேலே மறுபடியும் கொஞ்சம் மயோனைஸ். தாளில் சுற்றிக் கையில் கொடுக்கும்போது மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

இந்த முட்டை வெறும் அலங்காரம் இல்லை. தொழிற்சாலையில் அச்சில் அடித்து உறையவைத்த மெல்லிய வட்டு இது. இந்த வகை வட்டுகளில் சோயா புரதம் சேர்ப்பது வழக்கம். அமெரிக்கப் பாணித் தடித்த பர்கர் மாதிரி கடித்தால் சாறு ஒழுகாது. அந்த ஈரத்தை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், முட்டையும் சாஸும் மயோனைஸும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பிளந்து விரிப்பதன் காரணமும் இதுவே. கல்லில் படும் பரப்பு இரண்டு மடங்கு ஆகிறது, சாஸ் உள்ளேயும் ஏறுகிறது. வெளியூரிலிருந்து வந்து, “இறைச்சியில் ஜூஸே இல்லையே” என்று குறைசொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தோசை பஞ்சு மாதிரி இல்லையே என்று சொல்வதுபோல இருக்கிறது.

சரி, வண்டிக்கு முன்னால் நின்று எதைக் கவனிப்பது? முதலில் கல்லின் ஓரத்தைப் பாருங்கள். முன்கூட்டியே வாட்டிய வட்டுகள் அடுக்கி வைத்திருந்தால் வேறு வண்டி பார்க்கலாம். கூட்டம் அதிகமான வண்டிகளில் அரைவேக்காடு போட்டு வைப்பது உண்டு, அதுகூடப் பரவாயில்லை. காலி வண்டியில் பத்து வட்டு காத்திருந்தால் அவை எத்தனை மணியிலிருந்து காத்திருக்கின்றன என்று யோசியுங்கள். அடுத்தது, ஒரு பர்கர் முடிந்ததும் கல்லைச் சுரண்டுகிறாரா என்பது. வொஸ்டர் சாஸில் சர்க்கரை இருக்கிறது, கல்லில் ஒட்டிக் கருகும். சுரண்டாத கல்லில் ஒன்பது மணிக்குச் சாப்பிடும் பர்கர் ஏழு மணிப் பர்கரின் கரியோடு வரும், கசக்கும். நல்ல வண்டிக்காரர் கையில் சட்டுவம் ‘சரக் சரக்’ என்று ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

மூன்றாவதாக, முட்டை. தடித்த ஆம்லெட்டாக வந்தால் ஆள் அவசரக்காரர், அல்லது கல்லில் சூடு போதவில்லை. பின்பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக, ஓரம் சரிகை மாதிரி பொரிந்து வந்தால் அங்கேயே நில்லுங்கள். முட்டைக்கோஸ் ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் விடமாட்டேன். டப்பாவுக்கு அடியில் தண்ணீர் நின்றால் ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். ஈரம் இல்லாமல், நூல் மாதிரி அரிந்திருக்க வேண்டும். ரொட்டி பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் ஒரே மாதிரிதான், வாட்டினால் சரி.

கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பச்சைச் சட்டை, இளஞ்சிவப்புச் சட்டை போட்ட டெலிவரிப் பையன்கள் நான்கு பேர் கைப்பேசியோடு நின்றால் அது செயலியில் தள்ளுபடி ஓடுகிறது என்பதற்கு அடையாளம். அதே பையன்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தன் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்து தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களும் வரிசையில் சேருங்கள். இரவு முழுக்க ஊரைச் சுற்றுகிறவர் தன் காசில் எங்கே சாப்பிடுகிறார் என்பதைவிட நல்ல சிபாரிசு எனக்குத் தெரியாது. அடுக்குமாடி ஜாகாவையும் (காவலாளி) கேட்கலாம். கிராப் வாடகைக் கார் ஓட்டுநரைக் கேட்கும்போது, “எது பெயர்போன கடை?” என்று கேட்டால் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் பதில்தான் வரும். “உங்கள் வீட்டுப் பக்கத்தில் எங்கே வாங்குவீர்கள்?” என்று கேளுங்கள்.

வரைபடச் செயலியில் தேடுவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி வண்டிகள் அதில் இருக்காது. இருப்பவற்றிலும் சில இடம் மாறியிருக்கும், சில கடையை வாங்கிய அடுத்த ஆள் கையில் இருக்கும். நான்கு வருடம் முன்பு கிடைத்த நட்சத்திரங்கள் வேறு கைக்குக் கிடைத்தவை. மதிப்பீடுகளைப் படிக்காமல் படங்களைப் பாருங்கள், அதுவும் கடந்த மூன்று மாதத்துப் படங்களை. வெட்டிப் பிளந்து உள்ளே காட்டும் படம் ஒன்றாவது இருக்கும், முட்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நேரமும் ஒரு விஷயம். கடை போட்ட முதல் அரைமணியில் போகாதீர்கள், கல் சீராகச் சூடாகியிருக்காது. எனக்குப் பிடித்தது ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை. கை சூடாகி ஓட்டம் வந்திருக்கும், பொருளும் தீர்ந்திருக்காது. பன்னிரண்டரைக்குப் பிறகு வெங்காயம் இல்லை, பாலாடைக்கட்டி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வரும்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘டாகிங்’ என்றால் மாட்டிறைச்சி, ‘ஆயாம்’ கோழி, சில இடங்களில் ‘காம்பிங்’ என்று ஆடும் இருக்கும். முட்டையில் மடிக்காத சாதா பர்கர் ‘பியாசா’, மடித்தது ‘ஸ்பெஷல்’, இரண்டு வட்டு வைத்தால் ‘டபுள்’. ‘ஓப்லோங்’ என்றால் நீள ரொட்டி. இறைச்சியே இல்லாமல் முட்டை மட்டும் வைத்துத் தருவது ‘பெஞ்ஜோ’. மாதக் கடைசியில் என் மாணவப் பருவம் முழுக்க ஓடியது பெஞ்ஜோவில்தான். அப்போது சாதா பர்கரே ஒன்றரை வெள்ளி. (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம், கடையில் தமிழர் யாராவது ‘ஆறு வெள்ளி’ என்றால் குழம்பாதீர்கள்.) இப்போது இடத்தைப் பொறுத்து சாதா நான்கு, ஐந்து வெள்ளி, ஸ்பெஷல் ஆறிலிருந்து எட்டு வரை. அதற்கு மேல் கேட்டால் இடத்துக்கு வாடகை கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

“பாங், ஆயாம் ஸ்பெஷல் சத்து, சோஸ் குராங்” என்று சொன்னால் போதும். ‘சத்து’ என்றால் ஒன்று, ஊட்டச்சத்து இல்லை, அதை இதில் எதிர்பார்க்கவும் வேண்டாம். ‘சோஸ் குராங்’ என்றால் சாஸ் குறைவாக. இதை முதல் தடவை கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மயோனைஸும் மிளகாய் சாஸும் முழங்கை வரை வழியும். காரம் வேண்டுமானால் ‘பெடாஸ்’. சீட்டும் கிடையாது, எண்ணும் கிடையாது. சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டியதுதான். பத்துப் பேர் சொன்ன பதினைந்து பர்கரை, எதில் வெங்காயம் வேண்டாம், எதில் சாஸ் குறைவு என்று தலையிலேயே வைத்திருந்து, சரியான ஆளிடம் சரியான பொட்டலத்தை நீட்டுகிறவரைப் பார்த்தால் அந்தக் கையை விடாதீர்கள். முதல் தடவை டபுள் கேட்காதீர்கள். டபுளில் எந்தத் தப்பும் மறைந்துவிடும். கோழி ஸ்பெஷல் ஒன்று வாங்கிப் பாருங்கள், கோழி வட்டு சீக்கிரம் காய்ந்துபோகும், கை தெரியும்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். கோழி பர்கர் என்று கேட்டு வாங்கினால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. டாகிங்கும் ஆயாமும் ஒரே கல்லில்தான் வேகும், ஒரே சட்டுவம்தான் புரட்டும். என் அம்மா மாட்டிறைச்சி தொடாதவர். ஒருமுறை தெரியாத ஒரு வண்டியில் அவருக்கு ஆயாம் என்று சொல்லி வாங்கி வந்தேன். இரண்டாவது கடியில் நிறுத்திவிட்டார். பொட்டலம் மாறியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வாய் கொப்பளித்துவிட்டு விளக்கேற்றப் போனார். அதற்குப் பிறகு நான் பொட்டலத்தை வண்டி முன்னாலேயே பிரித்துப் பார்க்காமல் நகர்வதில்லை. வெந்த பிறகு டாகிங் கறுப்பாக இருக்கும், ஆயாம் வெளிறியிருக்கும், பார்த்தாலே தெரியும். கேட்டால் கல்லின் ஒரு பக்கத்தைத் துடைத்துத் தனியாகச் செய்து தருகிற வண்டிக்காரர்கள் நிறைய. இந்த ஊரில் அது விசித்திரமான கோரிக்கை இல்லை. அதுவும் போதாது என்றால், தமிழர்கள் நடத்தும் சில வண்டிகளில் மாட்டிறைச்சியே வைப்பதில்லை. தமிழர்கள் நிறைய இருக்கும் செந்தூலில்தான் தங்கப்போகிறீர்கள், விசாரித்தால் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் மட்டும் இந்த வண்டிகளில் ஒன்றும் செய்ய முடியாது. பெஞ்ஜோவில் முட்டை, மயோனைஸிலும் முட்டை. அன்றைக்குத் தோசைக்குப் போங்கள்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். இங்கே சாப்பாட்டைத் தொடுகிறவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், உணவு கையாளும் பயிற்சியும் எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நான் பார்ப்பது இன்னும் எளிது. உறைந்த வட்டுகளை ஐஸ் பெட்டியில் மூடி வைத்திருக்கிறாரா, காசை வாங்குகிற கையும் ரொட்டியைப் பிளக்கிற கையும் ஒன்றா. இரண்டு பேர் நிற்கும் வண்டி என்றால் இந்தக் கவலை பாதி குறைந்துவிடும்.

தள்ளுவண்டி மட்டும்தானா என்றால் இல்லை. ‘பர்கர் பாகார்’ என்று ஒன்று உண்டு. பாகார் என்றால் சுடுவது. கையால் தட்டிய தடித்த வட்டைக் கரி அடுப்பில் வாட்டித் தருவார்கள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இது பெரிய அலையாக வந்தது. வங்சா மாஜுவில் காவ் காவ் என்ற கடை அப்போது பெயர் வாங்கியது. (‘தே காவ்’ என்று கேட்டால் திக்கான டீ வரும், அதே காவ்.) புகை வாசனையும் தடித்த இறைச்சியும் ராம்லியிலிருந்து முழுக்க வேறு சாப்பாடு. ஆனால் இது கைதவறினால் மோசமாகத் தவறும். ஒரு கடை, பெயர் வேண்டாம், காணொளிகளில் ஓடி ஓடிப் பெரிதானது. ஒரு மணி நேரம் நின்று வாங்கினேன். வெளியே கரி, நடுவே பச்சை. திருப்பிக் கொடுத்தால் இன்னொரு மணி நேரம் என்றார்கள். கரி அடுப்புக்கு முன்னால் வரிசை நீண்டால் அவசரம் வரும், அவசரம் வந்தால் நடு வேகாது. அதனால் பாகார் சாப்பிட வேண்டுமானால் வார நாளில், கூட்டம் இல்லாத நேரத்தில் போவது என் பழக்கம். வண்டிக்கு நான் சொன்னதற்கு நேர் எதிர்.

உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில், 2012-இல் பெட்டாலிங் ஜெயாவின் சீ பார்க்கில் தொடங்கிய மைபர்கர்லேப் இங்கே ஒரு தலைமுறையின் நாக்கை மாற்றியது என்று சொல்லலாம். கரித்தூள் சேர்த்த கறுப்பு ரொட்டியை அங்கேதான் நாங்கள் முதலில் பார்த்தோம். அதைப் பார்த்துப் பிறகு எத்தனையோ கடைகள் கறுப்பு ரொட்டி போட்டன. நிஞ்ஜா ஜோ என்பது பன்றி இறைச்சி பர்கருக்கென்றே உள்ளது. ஹலால் ஊரில் அது ஒரு தனி ரகம், விரும்பினால் போகலாம். கடந்த சில வருடங்களாக எங்கே திரும்பினாலும் ஸ்மாஷ் பர்கர். இறைச்சி உருண்டையைச் சூடான கல்லில் வைத்து அழுத்தி நசுக்கி, அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆக்குவது. நன்றாகச் செய்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சாப்பிட இந்த ஊருக்கு வர வேண்டியதில்லை. பழைய ஏ அண்ட் டபிள்யூவில் பர்கரைவிட ரூட் பீர்தான் (பெயரில்தான் பீர், மது இல்லாத இனிப்புச் சோடா) விசேஷம். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவது அதற்காகத்தான்.

இரவுச் சந்தைகளையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதன்கிழமை தாமான் கோனாட், திங்கட்கிழமை எஸ்எஸ்2, ஞாயிற்றுக்கிழமை தாமான் துன் டாக்டர் இஸ்மாயில். போய்ச் சுற்றிப் பாருங்கள், கரும்புச்சாறு குடியுங்கள், பர்கர் மட்டும் வாங்காதீர்கள். ஓட்டமாக ஓடும் கூட்டத்துக்கு முன்கூட்டியே செய்து குவித்து வைப்பார்கள். விதிவிலக்கு இருக்கலாம், எனக்குத் தென்பட்டதில்லை.

நாட்காட்டியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் வண்டிகள் நோன்பு திறந்த பிறகுதான் சுறுசுறுப்பாகும், இரவுத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் வரிசை நீளும். அந்த மாதம் நள்ளிரவுப் பர்கருக்கு ஒரு தனிக் களை உண்டு. ஆனால் அது முடிந்து பெருநாள் வந்ததும் பாங் எல்லாரும் சொந்தக் கிராமத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம், ஊரே காலி. சாயங்கால மழை பெய்தால் வண்டி தாமதமாக வரும், வராமலும் போகும். அதனால் ஒரே வண்டியை நம்பி இருக்காதீர்கள், இரண்டு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஊருக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் நண்பரைப் பார்க்கப் போவதானால் உறைந்த வட்டுப் பெட்டி எதுவும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெளியிலிருந்து இறைச்சி கொண்டுவருவதில் அவர்கள் கறார். ராம்லி வட்டுக்கு அங்கே நீண்ட காலமாகவே அனுமதி இருந்ததில்லை, அதனாலேயே அங்குள்ள சிலருக்கு இதன் மேல் இன்னும் ஆசை.

செந்தூலில் வந்து இறங்கிய முதல் வாரம் இப்படிச் செய்யுங்கள். இரவு பத்து மணிக்கு அறையிலிருந்து நடக்க ஆரம்பியுங்கள், எந்தப் பக்கமானாலும் சரி. பதினைந்து நிமிட நடையில் எப்படியும் மூன்று குடை தென்படும். முதல் நாள் எதுவும் வாங்க வேண்டாம், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பர்கர் முடியும் வரை நின்று பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், இங்கே எல்லாரும் நிற்கிறவர்கள்தான். மறுநாள் போய், பிடித்த கையிடம் ஆயாம் ஸ்பெஷல் ஒன்று வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். பத்து நிமிடம் தாளுக்குள் இருந்தால் ஆவியில் ரொட்டி ஊறி, முட்டை ஓரத்தின் மொறுமொறுப்பு போய்விடும். மாடிக்கு எடுத்துப்போய் நிதானமாகச் சாப்பிடலாம் என்பது எல்லாருக்கும் வரும் ஆசைதான். தாளைப் பாதிதான் உரிக்க வேண்டும், மீதிப் பாதியைப் பைமாதிரி பிடித்துக்கொண்டு குனிந்து கடிக்க வேண்டும். சோஸ் குராங் சொன்னாலும் கொஞ்சம் வழியத்தான் செய்யும், அதனால் அலுவலகச் சட்டையை மாற்றிவிட்டுப் போங்கள்.